ஐந்தாம் லயத்துப் பெரட்டு

நீலத்திரையின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு இருந்தது.

திரைத்துணியில் அழுக்கு என்று நினைத்து ஜீவராணி ஈரத்துணியால் துடைத்தாள். பழுப்பு அவள் புறங்கை மேல் ஏறி விழுந்தது. அது துணியில் இல்லை, புரொஜெக்டரின் வெளிச்சத்தில் இருந்தது. நடுவில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து மட்டும் அசையாமல் நின்றது.

மாலை நாலு மணிதான். ஆனால் இப்போது விடுதியாகிவிட்ட அந்தப் பழைய துரை பங்களாவின் படம் பார்க்கும் அறையில் கறுப்புத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டால் நேரம் தெரியாது. தகரக் கூரையில் மழை, புரொஜெக்டர் காற்றாடியின் இரைச்சல், மூடிய அறையின் பூஞ்சண நாற்றம், அவ்வளவுதான். எல்லவைச் சுற்றிப்பார்க்கப் போன வெள்ளைக்காரர்கள் ஆறு மணிக்குத் திரும்பிப் படம் பார்ப்பார்கள். நமுனுகுலை மலையடியில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் முதல் பட்டதாரி அவள்தான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது, அம்மா முன்வாசலால் ஏறவே முடியாதிருந்த இந்தப் பங்களாவில் விருந்தினர் கவனிப்பாளர் வேலை.

அம்மா கீழே, தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறாம் லயத்தில் இருந்தாள். பின்சுவர் வெடிப்பில் காலையில் கை நுழைந்தது. மண்சரிவு அபாயம், வெளியேறுங்கள் என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டியவர்கள், எங்கே போவது என்று எழுதவில்லை. அம்மாவைக் கூட்டிவந்து பின்கட்டில் படுக்கவைக்கலாமா என்று மத்தியானமே மெனேஜரிடம் கேட்டிருந்தாள். “புரொஜெக்டர சரி பண்ணிட்டுப் போ” என்றார் அவர்.

அம்மாவோ போனில், “நீ வேலையப் பாரு புள்ள. மழை விட்டா நானே மேல ஏறி வாரேன்” என்றாள்.

மழை விடவில்லை.

அவள் பதுளையில் கடை வைத்திருக்கும் இத்ரூஸை அழைத்தாள். புரொஜெக்டரைப் பொருத்தியவர் அவர்தான்.

“இத்ரூஸ் நானா, இன்னும் நோ சிக்னல்தான்.”

“சோர்ஸ் மாத்திப் பாத்தீங்களா? எச்டிஎம்ஐ ஒண்டு, ரெண்டு?”

“ரெண்டும் பாத்தாச்சு. லெப்டொப்ப ஓஃப் பண்ணி, புரொஜெக்டர மொதல்ல போட்டு, பொறகு லெப்டொப்ப போட்டும் பாத்தேன்.”

“அப்ப கேபிள்தான் தங்கச்சி. பதினஞ்சு மீட்டர் கேபிள், சோம்பேறி. கழட்டிட்டு சின்னத குத்துங்க.”

மேசை மேல் ஏறி, புரொஜெக்டரின் பின்புறத்தில் விரல்களால் தடவி, கேபிளை இழுத்தாள். அதன் முனை ஈரமாக இருந்தது. சூடான காற்று முகத்தில் அடித்தது. எரிந்த தூசி மணக்கவேண்டிய இடத்தில், புதிதாக வெட்டிய மண் மணந்தது.

திரை மாறியது. சாம்பல் நிறம். அதற்குள் ஏதோ அசைந்தது.

“நானா, படம் வருது.”

“நான் சொன்னேனா இல்லையா!”

“கேபிள் இன்னும் என் கையில இருக்கு.”

“அது கொம்பனிக்காரன்ட லோகோவா இருக்கும். போகஸ் பண்ணிப் பாருங்க. இங்க கரண்ட் வெட்...” இணைப்பு அறுந்தது.

போகஸ் வளையத்தைத் திருப்பினாள். சாம்பல் மூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோடுகளானது. கோடுகள் ஆட்களாயின. வரிசையாக நிற்கும் ஆட்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் கொழுந்துக் கூடை. பெரட்டுக் களம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே களம். அவள் பள்ளிக்கூடம் போன பாதையோரம். எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். கூடைகளிலிருந்து தண்ணீர் வடிந்தது. பழுப்பு அவர்கள் முழங்கால்வரை இருந்தது.

கையை எடுத்தாள். படம் இன்னும் தெளிந்துகொண்டே வந்தது.

எதிரில் ஒருவர் மட்டும் இவள் பக்கம் பார்த்து நின்றார். கையில் பெயர்ப் புத்தகம். வாயோரத்தில் மண். தம்பையா கங்காணி.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் மண்சரிவு ஐந்தாம் லயத்தை மூடியபோது, அவரோடு பதினொரு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதே லயத்தில் குடியிருந்த அவளும் அம்மாவும் அன்றைக்கு லுணுகலையில் ஒரு சடங்கு வீட்டில் இருந்தார்கள். நம்ம பேரு மட்டும் விட்டுப்போச்சு என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

கூரையடி ஸ்பீக்கர் கரகரத்தது.

“பெரியாயி.”

“இருக்கேங்க.”

“மாணிக்கராஜ்.”

“இருக்கேன்.”

ஒவ்வொரு பெயராக. ஒவ்வொரு குரலும் தொண்டையில் எதையோ விழுங்கிவிட்டுப் பதில் சொன்னது. ஜீவராணி பவர் வயரைப் பிடுங்கினாள். காற்றாடி நின்றது. வெளிச்சம் நிற்கவில்லை.

“விஜயலெட்சுமி.”

அம்மாவின் பெயர்.

யாரும் பேசவில்லை. வரிசையின் கடைசியில் ஓர் ஆள் அளவுக்கு வெற்றிடம்.

“விஜயலெட்சுமி!”

சின்ன வயதில் அது தினமும் நடந்தது. அடுப்பை அணைத்து, சோறு கட்டி, அம்மா ஓடி வருவதற்குள் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். பிந்தினால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அதனால் பாதையோரத்தில் புத்தகப் பையோடு நின்று அம்மாவுக்காக இவள் கத்துவாள். தம்பையா சிரித்துக்கொண்டே பெயர் போடுவார்: “குரல் வந்தா சரி, ஆளு பின்னால வந்துரும்.”

மூன்றாம் முறை. அதட்டலாக.

“விஜயலெட்சுமி!”

நினைப்பதற்கு முன்பே வாய் திறந்தது.

“இருக்காங்க!”

கங்காணி நிமிர்ந்தார். நேராக அவளைப் பார்த்தார். சிரித்தார். பென்சில் தாளில் கீறும் சத்தம்.

இல்லை.

“இல்ல. இல்லைங்க. வரல. அவங்க வரல!”

அவர் புத்தகத்தை மூடினார்.

தரை அதிர்ந்தது. மலைக்குக் கீழே எங்கோ நீளமாக ஒரு முழக்கம். அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. பிறகு மழை மட்டும்.

அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி போனது. அம்மாவின் போனுக்கு அவளே வைத்துக் கொடுத்த குருவிச் சத்தம் கேட்டது. கையிலிருந்த போனிலிருந்து அல்ல.

திரையிலிருந்து.

வரிசையின் கடைசியில் இப்போது வெற்றிடம் இல்லை. அங்கே அம்மா. தலைமுடியிலிருந்து சேறு வடிந்தது. கையில் போன், குருவி கத்தக் கத்த ஒளிர்ந்தது. அம்மா அதை எடுக்கவில்லை. எல்லா முதுகுகளுக்கும் நடுவில் தன் முகத்தை மட்டும் திருப்பி, தனக்காகக் குரல் கொடுத்தது யார் என்று தேடிக்கொண்டிருந்தாள்.