மேவிஸ் 6.41-க்கு வந்தாள்

மருந்து அலமாரியின் திரை பளிச்சென்று விழித்தது.

'வணக்கம், மேவிஸ் டாரன்ட்! நீங்கள் கடைசியாகத் திறந்த நேரம்: இன்று காலை 6.41.'

தினமும் படிக்காமலே தாண்டுகிற வரி. இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. லோர்னா பிக்கெட்டின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 6.58.

அப்படியானால், பதினேழு நிமிடத்துக்கு முன்னால் மேவிஸ் இங்கே வந்து போயிருக்கிறாள்.

வந்ததில் குற்றமில்லை. மேவிஸ் இந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தான். ஒரே ஒரு சின்ன இடைஞ்சல்...

மேவிஸ் செத்து மூன்று வாரமாகிறது!

காரோடு கரடி ஏரிக்குள் போனவள். பனிப்பாளம் உடைந்து, காரை விழுங்கி, மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. உடலை ஏப்ரலில்தான் தேட முடியும் என்று ஷெரீஃப் அலுவலகம் சொல்லிவிட்டது. வடக்கு டகோட்டாவில் ஜனவரி மாதம் ஏரியில் விழுகிறவர்கள் ஏப்ரல் வரை பொறுமையாக இருப்பது வழக்கம்தான்.

மேவிஸ் மட்டும் பொறுமையில்லாதவள் போலிருக்கிறது!

லோர்னா தெற்கே இருக்கிற அலபாமாக்காரி. வயது நாற்பத்து நான்கு. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லையோ அங்கே பதிமூன்று வார ஒப்பந்தத்தில் போய் நிற்கிற நர்ஸ். மேவிஸும் அதே ஜாதி. அவள் போன இடத்துக்குத்தான் இவள் வந்தாள். அவளுடைய லாக்கர். அவளுடைய நான்கு நோயாளிகள். அவள் வாடகைக்கு இருந்த நிலவறை அறைகூட! தலையணை உறையை மட்டும் மாற்றியிருந்தார்கள். தலையணையை மாற்றவில்லை.

முதல் நாள் காலையில் லோர்னாவின் ரகசிய எண் வந்து சேரவில்லை. எண் இல்லாவிட்டால் அலமாரி திறக்காது. தலைமை நர்ஸ் கெயில் ஓஸ்ட்ரம் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"லாக்கர் கதவுக்கு உள்பக்கம் மேவிஸோட நம்பர் ஒட்டியிருக்கு. அதைப் போட்டுக்கோ. மத்தியானத்துக்குள்ள உன்னுது வந்துரும்."

"இன்னொருத்தர் பேர்ல மருந்து எடுக்கிறதா? தப்பு இல்லையா, கெயில்?"

"தப்புதான். அந்த ரூம்ல கத்துறாரே, அவர்கிட்ட போய்ச் சொல்லு."

இடுப்பெலும்பு முறிந்த கிழவரின் அலறல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. லோர்னா எண்ணைத் தட்டினாள். எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஒரு தப்பை எல்லாப் பயண நர்ஸும் ஒரு தடவையாவது செய்வாள்.

அந்த மத்தியானம் பத்து நாளாகியும் வரவில்லை. பத்து நாளாக லோர்னா, செத்தவளின் பெயரில்தான் அலமாரியைத் திறந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் 6.41-க்கு அவள் திறக்கவில்லை...

"லோர்னா!"

துள்ளினாள். நான்காம் அறையிலிருந்து அதே கிழவர். ஓர்வில் ஸ்டென். எண்பத்தொரு வயது விவசாயி. ஆறு வாரமாகப் படுக்கை.

"என்ன ஓர்வில்? வலிக்குதா?"

"இப்போ பரவாயில்ல, தெற்கத்திப் பொண்ணே. மேவிஸ் வந்து தலையணையைச் சரி பண்ணிட்டுப் போனா."

லோர்னாவின் முதுகில் யாரோ பனிக்கட்டியை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது.

"எ... எப்போ?"

"கொஞ்சம் முன்னாடி. தினமும் வர்றாளே! பாவம், அவ கை மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு. கையுறை போட்டுக்கோம்மான்னு சொன்னேன்."

"ஓர்வில்... மேவிஸ் இறந்துட்டாங்க."

கிழவர் யோசித்தார்.

"அப்படியா? அதான் பேச்சு குறைஞ்சுபோச்சு!"

லோர்னா தரையைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் ஈரக் காலடிகள்... உருகிய பனி. கதவைத் தாண்டித் தாழ்வாரத்தில் போய், பாதியில் நின்றுபோயிருந்தன.

---

பத்து மணிக்கு மருந்தாளர் ட்வைட் நைலண்ட் கூப்பிட்டனுப்பினார். அறையில் கெயில் இருந்தாள். பக்கத்தில் பழுப்புச் சட்டையில் ஓர் ஆறரை அடி மனிதர். டெபுடி ஷெரீஃப் ரோல்ஃப் டாண்டே.

"மார்ஃபின் குறையுது," என்றார் ட்வைட். "எந்த நோயாளிக்கும் போடல. ஆனா தினமும் வெளியே போயிருக்கு. எல்லாம் மேவிஸ் பேர்ல. நீங்க வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து!"

"நான் எடுத்ததெல்லாம் நோயாளிக்குத்தான் போட்டேன். காலையில 6.41-க்கு எடுத்தது நான் இல்ல!"

"பின்ன யாரு?"

லோர்னா பதில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

"மேவிஸ்."

டெபுடி டாண்டே குறிப்பேட்டை மெதுவாக மூடினார்.

"அம்மா, ஏரிக்கு அடியில இருக்கிறவங்களை எல்லாம் என்னால சம்மன் குடுத்துக் கூப்பிட முடியாது. அவங்க நம்பர் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"கெயில்தான் குடுத்தாங்க."

எல்லாரும் கெயிலைப் பார்த்தார்கள். கெயில் காபியை ஒரு வாய் உறிஞ்சினாள். இறக்கி வைத்தாள்.

"நானா? எப்போ?"

லோர்னாவுக்குப் புரிந்துவிட்டது.

இருபது வருட லைசென்ஸ். ஓர் ஊரில் கறுப்புப் புள்ளி விழுந்தால் எல்லா மாநிலத்திலும் கதவு சாத்திவிடுவார்கள். அதற்கு முன்னால் ஜெயில் கதவு வேறு சாத்தும்!

"நீங்கதானே கெயில்... லாக்கர் கதவுல இருக்குன்னு..."

"பதிமூணு வாரத்துக்கு வர்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க, டெபுடி. எங்க ஊர் ஆளு யாராவது இப்படிப் பண்ணியிருக்காங்களா?"

லோர்னா டெபுடியின் பக்கம் திரும்பினாள். 

"ஒரே ஒரு உதவி. நாளைக்குக் காலையில 6.41-க்கு இங்க இருங்க. யாரும் வரலைன்னா ரெண்டு கையையும் நீட்டுறேன். நீங்களே விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போங்க."

"பேய் பிடிக்கச் சொல்றீங்க..."

"ஆமா."

டாண்டே மோவாயைச் சொறிந்தார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல திருடனைப் பிடிச்சிருக்கேன். மான் கொம்புல மாட்டின குடிகாரனைப் பிடிச்சிருக்கேன். இது ஒண்ணுதான் பாக்கி. சரி!"

---

மறுநாள். 6.30. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

நான்காம் அறையில் ஓர்வில் பக்கத்துக் கட்டிலில் ஒரு புது நோயாளி. ஆஸ்பத்திரி அங்கி. கழுத்துவரை போர்வை. கட்டிலுக்கு வெளியே ஓர் அடி நீளத்துக்கு இரண்டு பாதங்கள்.

"உனக்கு என்ன நோவுப்பா?" என்றார் ஓர்வில்.

"டூட்டி," என்றார் டாண்டே.

லோர்னா கதவுக்குப் பின்னால் நின்றாள். இடுக்கு வழியாகத் தாழ்வாரமும் அலமாரியும் தெரிந்தன. ஷிஃப்ட் மாறுகிற நேரம். இரவுக்காரர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்ப, பகல்காரர்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டு வர, ஒரே கசகசப்பு.

6.38.

6.39.

ஊழியர் வாசல் திறந்தது. குளிர் ஓர் உருவம் எடுத்து உள்ளே வந்தது போல ஒரு பெண். நீலச் சீருடை. முகத்தில் மாஸ்க். பனி ஒட்டிய பூட்ஸ். நடந்த இடமெல்லாம் ஈரம்.

யாரோ "குட் மார்னிங்" என்றார்கள். அவளும் தலையசைத்தாள்.

கெயில் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டூட்டிப் பலகையில் எழுதிக்கொண்டே சொன்னாள்:

"ஏ பதிமூணு வாரம்! இன்னிக்கு அஞ்சாம் ரூமையும் சேர்த்துப் பார்த்துக்கோ."

"சரிங்க," என்றது உருவம்.

செத்தவளுக்குக் குரலும் உண்டு!

உருவம் அலமாரிமுன் நின்றது. ஆறு எண்கள். டிக்... டிக்... டிக்... இழுப்பறை திறந்தது. கை உள்ளே போனது. கை பாக்கெட்டுக்குப் போனது.

6.41!

"அம்மா... வலிக்குதே..." ஓர்வில் நிஜமாகவே முனகினார்.

உருவம் தயங்கியது. வாசல் பக்கம் பார்த்தது. போயிருக்கலாம். போகவில்லை... நான்காம் அறைக்குள் வந்தது. குனிந்து கிழவரின் தலையணையை நிமிர்த்தியது.

"மேவிஸ்! வா வா," என்றார் ஓர்வில். "பார்த்தியா லோர்னா? நான் சொன்னா நம்பல நீ!"

பக்கத்துக் கட்டிலில் இருந்து ஆறரை அடி எழுந்தது.

"நகராதே!"

அவள் அலறிய அலறலில் தாழ்வாரமே கூடிவிட்டது. டாண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். முகம் சுளித்தார்.

"சே! நிஜமாவே ஐஸ்தான்!"

மாஸ்க்கை இழுத்தார். தலையணைக்கடியில் வைத்திருந்த லைசென்ஸ் போட்டோவை எடுத்துப் பார்த்தார். அதே மூக்கு. அதே கன்ன மச்சம்.

"மேவிஸ் டாரன்ட். ஏரியில இருக்க வேண்டியவங்க இங்க என்ன பண்றீங்க?"

மேவிஸ் சுவரில் சாய்ந்து மெல்லச் சிரித்தாள்.

"காரை மட்டும்தான் அனுப்பினேன். முன்னாடி நான் எடுத்ததை ட்வைட் மோப்பம் பிடிக்க ஆரம்பிச்சாரு. செத்தவளை யாரும் விசாரிக்க மாட்டாங்கல்ல? நர்ஸ் போயிட்டாலும் இந்த ஆஸ்பத்திரியில நம்பரை ரத்து பண்ண மாசக்கணக்கா ஆகும்."

"பழி என் தலையில விழும்னு தெரியுமா உனக்கு?" லோர்னா கேட்டாள்.

"தெரியுமாவா? அதுக்குத்தானே நீ வர்ற வரைக்கும் காத்திருந்தேன்! புதுசா வர்றவளுக்குப் பழையவ நம்பரைத்தான் கெயில் குடுப்பாங்க. எனக்கும் அப்படித்தான் குடுத்தாங்க. எனக்கு முன்னாடி இருந்தவ நம்பரை!"

எல்லாரும் கெயிலைப் பார்த்தார்கள். இந்த முறை கெயில் கையில் காபி இல்லை.

டாண்டே குறிப்பேட்டைத் தேடினார். அங்கியில் பாக்கெட் இல்லை.

"இத்தனை பேர் நடுவுல தினமும் நடந்து போயிருக்கே. ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு எப்படி நம்பினே?"

மேவிஸ் கூடியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"உயிரோட பதினோரு வாரம் இங்க வேலை பார்த்தேன், சார். இந்தக் கிழவரைத் தவிர ஒருத்தர் என் முகத்தைப் பார்த்ததில்ல. அப்பவே நான் பேய்தான்."

ஹீட்டர் மட்டும் பெருமூச்சு விட்டது.

"படுத்தே கிடக்கிறவனுக்கு வேற என்ன வேலை? வர்ற முகத்தைப் பார்க்கிறதுதான்," என்றார் ஓர்வில்.

டாண்டே கட்டிலுக்கடியில் குனிந்து விலங்கை எடுத்தார். லோர்னாவிடம் திரும்பித் தலை தாழ்த்தினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. உங்க மேல எதுவும் இல்ல. ஓஸ்ட்ரம் அம்மா, நீங்க அப்புறமா ஸ்டேஷனுக்கு வரணும். நேத்து சொன்ன பொய்யை எழுதிக் குடுக்கணும்."

"வர்றேன், வர்றேன்..." கெயில் பலகையைப் பார்த்தாள். மேவிஸைப் பார்த்தாள். விலங்கைப் பார்த்தாள். குரல் குழைந்தது.

"டெபுடி... இன்னிக்கு மூணு பேர் வரல. அஞ்சாம் ரூமுக்கு ஆளே இல்ல. விலங்கைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாட்டிக்கிட்டா ஆகாதா?"

லோர்னா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"டெபுடி சார், அந்த விலங்கை என் கையிலயே மாட்டிடுங்க! செத்தவளையே லீவுல விடாத ஆஸ்பத்திரியில, உயிரோட இருக்கிறவளுக்கு ஜெயில்தான் ரெஸ்ட்!"