செவ்வாய்க்கு ஆள் எடுக்கும் விண்மீன்திரள்

எங்கள் ஊரில் காலைக் காப்பி ஆறுவதற்குள் குலுக்கல் முடிந்துவிடும். செவ்வாயில் குடியேற யார் போவது என்பதை மனிதர்கள் முடிவு செய்த காலத்தில், மந்திரியின் மாமனார் மட்டும் தப்பித்துக்கொண்டே இருந்தார். அதனால் அந்தப் பொறுப்பை ஐம்பது கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு விண்மீன்திரளிடம் கொடுத்துவிட்டார்கள். அதன் நடுவிலுள்ள கருந்துளை இரை விழுங்கும்போது எக்ஸ் கதிர் கூடிக் குறையும். அந்தத் துடிப்புதான் பெயரை எடுக்கும். அதற்கு மாமனார் கிடையாது.

துடிப்பு தற்செயல்தானா என்று சோதிப்பது என் வேலை. அசல் துடிப்பைக் கலைத்துப் போட்டு ஏராளமான போலித் துடிப்புகள் செய்வேன். கணிப்பொறியால் அசலைப் பிரித்தறிய முடியாவிட்டால் தற்செயல். பிரித்துவிட்டால், வெளியே தாறுமாறாகத் தெரிந்தாலும் உள்ளே ஏதோ விதி ஓடுகிறது. அதற்குப் பெயர் கேயாஸ். அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

ஒருநாள் பங்கஜவல்லியின் பெயர் வந்தது. பங்கஜவல்லி என் மனைவி.

“ஏங்க, உங்க ஆபீஸ்தானே? ஏதாவது பண்ணித் தொலைங்க. போறதைப் பத்திக் கவலையில்ல. அங்க போயி நான் யாரைத் திட்டுறது?”

போலிகள் செய்தேன். சத்தியமாக நான் எதையும் தொடவில்லை. அசல் தனியாக நின்றது. கேயாஸ்! வேட்டி தடுக்கத் தடுக்கக் குடியேற்ற அதிகாரி மார்ட்டின் செல்வத்திடம் ஓடினேன்.

“தற்செயல் இல்ல சார். குலுக்கல் செல்லாது.”

அவர் பொறுமையாகப் பார்த்தார். “தற்செயலா இருந்தா, பாவம் வயசானவங்கன்னு இன்னொரு தடவை குலுக்கியிருப்பேன், ஐயா. நீங்க விதி இருக்குன்னு நிரூபிச்சிட்டீங்களே. அம்மா பேரு ஐம்பது கோடி வருஷம் முன்னாடியே முடிவானது. மாத்த நான் யாரு?”

“சோதனை தப்புன்னு வெச்சுக்குங்களேன்.”

“உங்க சோதனை தப்பா வந்ததே இல்லையே!”

“அப்ப நானும் கூடப் போறேன்.”

“ஆசைப்பட்டு வர்றவங்களைச் சேர்க்கிறதில்ல, ஐயா.”

பங்கஜவல்லி எல்லாவற்றையும் கேட்டாள். “உங்களை யாரு நிரூபிக்கச் சொன்னது?” என்றாள். அதோடு சரி. கிளம்பும்வரை வேறு திட்டே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது தினமும் என் பெயர் வருமா என்று பார்க்கிறேன். கேயாஸில் விதி இருப்பதால் முன்கூட்டியே கணிக்கலாம். கொஞ்சம்தான், ஒரு மூச்சு நேரம். ஆகவே என் பெயர் இல்லை என்பது ஊரில் முதலில் எனக்குத்தான் தெரிகிறது.