கரி பிடித்துக்கொண்டவள்

ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினை நிறுத்தி அரை மணி நேரமாகியும் அந்தக் கரிக்குழாய் ஆறவில்லை. ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் உருளை, உள்ளே கடுகு கடுகாகக் கறுப்புக் குருணை. கணவரின் கையிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் புகுந்து, கழிவை விட்டுவிட்டு அவருக்கே திரும்பிவிடும். இவள் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரியின் கழுத்தைத் தொட்டதுபோல் இருந்தது.

"கரி அந்தக் கழிவையெல்லாம் வேற எதாவதா மாத்திடுமா, சிஸ்டர்?"

"எங்கம்மா! அது எதையும் மாத்தாது, அழிக்காது. ஒட்டுறதை அப்படியே பிடிச்சு வச்சுக்கும்," என்றாள் நர்ஸ்.

அவருடைய மூத்த தாரம் செத்து ஆறு வருஷம். அவர் வாயில் மட்டும் சாகவே இல்லை. காபி ஆறினால் அவள், கதவு கிரீச்சிட்டால் அவள். போட்டோவைப் பரணில் ஏற்றியாயிற்று, ரத்தத்தில் ஊறிப்போனவளை எங்கே ஏற்றுவது? இவளுக்கு வயிறு எரிந்தது. அவளையும் பிடித்து வைத்துக்கொள்ளேன் என்று கரியைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினாள்.

இரண்டாம் வாரம் அவர் மூத்தவளின் பாட்டை மறந்தார். பிறகு அவள் பிறந்த நாளை. ஒவ்வொரு முறையும் புது உருளைதான் மாட்டினார்கள், ஆனால் கழற்றும்போது முந்தையதைவிடக் கனத்தது. கல்யாணமான வாரமே இவள் தூக்கியெறிந்த மூத்தவளின் சோப்பு வாசனை, மருந்து நெடியையும் மீறி, அந்த மத்தியான அறையில் மெல்ல மெல்லப் பரவியது.

எட்டாவது தடவை, பம்பு சுற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, உங்க மொதல் சம்சாரத்தை நெனச்சுப்பீங்களா?"

"மொதல் சம்சாரமா? எனக்கு நீ ஒருத்திதானே?"

இவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்துவிட்டாள். நர்ஸ் வெளியே போனாள்.

குருணை நகர்ந்தது.

ரத்தம் போகும் பக்கமல்ல. எதிர்ப்பக்கம்.

பிளாஸ்டிக்கின் உட்புறம் ஐந்து விரல்நுனிகள் அழுந்தின. கறுப்பு. ஈரம். பிறகு ஒரு கண். பிறகு உதடு. போட்டோவில் பார்த்த அதே உதடு.

இவள் குறுக்கே போய் நின்றுகொண்டாள். அப்போதும் பயத்தைவிடப் பொறாமைதான் முன்னால் நின்றது.

"கொஞ்சம் தள்ளு," என்றார் அவர், தலையைச் சாய்த்து. "யாரு அந்தப் பொண்ணு? என்ன அழகா இருக்கா!"

ஊசி குத்தாத கையை உருளையை நோக்கி நீட்டினார். உள்ளிருந்து ஒரு கறுத்த உள்ளங்கை அதற்கு நேராக வந்து பதிந்தது. அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.