இரண்டு மணி நாடி

காலையில் சுரண்டி எடுத்த புள்ளி மறுபடியும் வந்திருந்தது.

செல்வமேரி நோட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். நாளைக்கு நர்ஸிங் இறுதிப் பரீட்சையில் செய்முறைத் தேர்வு. ஒரு நோயாளியைக் கவனித்து எழுதிய இந்த நோட்டைக் கொடுத்தால்தான் உள்ளேயே விடுவார்கள். கட்டம் போட்ட சார்ட்டில், கடைசி நாள் இரண்டு மணிக்கு நேரே சிவப்பு மசியில் நாடி எண்பது. அதோடு முடியவேண்டும். அடுத்த கட்டத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளி. அதுவும் எண்பது.

மண்ணெண்ணெய் டின்னோடு அக்கா ரோசரி எட்டிப் பார்த்தாள். "ரேஷன் கடையில ஊத்துறாங்களாம், செல்வி. வர நாலு மணி ஆயிடும். கதவச் சாத்திட்டுப் படி."

"நானும் வரேனே, அக்கா."

"பரீட்சைய வெச்சுக்கிட்டு க்யூவுல நிக்கப் போறியா? நீ வேலைக்குப் போவேன்னு அப்பா எத்தன பேருகிட்ட சொல்லி வெச்சிருக்காரு!"

அக்கா போனாள். அத்தான் ஒர்க்‌ஷாப்பில். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸின் தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. செல்வமேரி பிளேடை எடுத்துப் புள்ளியைச் சுரண்டினாள். தாள் மெலிந்து, விரல் மறுபக்கம் தெரிந்தது.

உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே சத்தமாக ஒப்பித்தாள். "மூச்சை எண்ணுவது நோயாளிக்குத் தெரியக்கூடாது. நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்தபடியே எண்ணவேண்டும்." கையைப் பிடித்தபடியே என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கு குழறியது.

நோட்டில் இருந்தவள் ரெங்கம்மாள். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்பவள். நெஞ்சுவலி என்று வந்து ஏழாம் நம்பர் கட்டிலில் கிடந்தாள். பூக்கட்டும் பழக்கம் விடாமல் பக்கத்து டம்ளர்த் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டே இருப்பாள். அந்தக் கடைசி நாள் பதினொரு மணிக்கு, "பாப்பா, கையப் புடிச்சுப் பாரேன். படபடன்னு வருது" என்றாள். "ரெண்டு மணிக்குத்தாம்மா பாக்கணும்" என்று செல்வமேரி நகர்ந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு முப்பது கட்டில். தூங்குகிறவர்களைத் தொடாமலே நாடி எண்பது, மூச்சு இருபது என்று போட்டுக்கொண்டு போவது மாணவிகள் எல்லாரும் செய்வதுதான். ரெங்கம்மாளும் தூங்குவதுபோலத்தான் இருந்தாள். எண்பது, இருபது. கால் மணி கழித்து வார்டு ஸிஸ்டர் தொட்டபோது உடம்பு எப்போதோ சில்லிட்டிருந்தது. சார்ட்டில் நாடி இருந்ததால், இரண்டு மணிக்குப் பிறகு இறந்ததாக டாக்டர் எழுதினார். செல்வமேரி வாயைத் திறக்கவில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பாதி எழுதிய நோட்டை வேறு நோயாளிக்கு மாற்ற நேரமில்லாமல் அதே எண்பதை இங்கேயும் பிரதி எடுத்தாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

மருக்கொழுந்து வாசனை வந்தது. தெருவில் பூக்காரி யாரும் இல்லை.

பிறகு மூச்சு. உள்ளறையிலிருந்து, சீராக, கொஞ்சம் ஈரமாக, தொண்டையில் உரசிக்கொண்டு வந்தது. அவள் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. பழக்கம். ஒரு நிமிஷம் எண்ணினாள்.

இருபது.

உள்ளறைக் கட்டிலில் காலையில் அவளேதான் தலையணைகளை நீளவாக்கில் அடுக்கி, நோயாளி என்று பாவித்து, வெள்ளைப் போர்வை போர்த்திப் படுக்கை விரித்துப் பழகியிருந்தாள். இப்போது போர்வை ஏறி இறங்கியது.

ஓடிப்போய் வாசல் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அது நகரவில்லை. எத்தனை இழுத்தும் நகரவில்லை. மேஜையில் நோட்டு திறந்து கிடந்தது. சுரண்டிய கட்டத்தில் புள்ளி. அதற்கடுத்த கட்டத்திலும். அதற்கடுத்ததிலும். எல்லாம் எண்பது. செல்வமேரியின் கை போட்ட புள்ளிகள்தான்.

சுவர்க்கடிகாரம் இரண்டு அடித்தது.

அன்றைக்கு எண்ணாததை இன்றைக்கு எண்ணிவிட்டால் ரெங்கம்மாள் போய்விடுவாள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. முருங்கை மரத்துப் பேயிடம் பேரம் பேசுகிற புத்திதான். ஆனால் வேறு எதுவும் தோன்றவில்லை. உள்ளே போனாள்.

போர்வைக்கு வெளியே ஒரு கை நீட்டியிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"பாக்குறேம்மா" என்றாள்.

மூன்று விரல் வைத்தாள். சில்லென்றிருந்தது. துடிப்பு இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். விநாடி முள் நின்றிருந்தது. நிமிஷம் முடியாமல் கையை எடுக்கக்கூடாது. எடுக்கவும் முடியவில்லை.

அந்தக் கை மெதுவாகத் திரும்பியது. ஈரமான மூன்று விரல்கள் செல்வமேரியின் மணிக்கட்டில் வந்து அமர்ந்தன. சரியான இடத்தில்.

போர்வைக்குள்ளிருந்து எண்ணும் சத்தம். பூ எண்ணுகிறவளின் நிதானம்.

"ஒண்ணு… ரெண்டு…"

நாலு மணிக்குத்தான் அக்கா வருவாள்.

"எழுவத்தெட்டு… எழுவத்தொம்பது…"

குரல் நின்றது. விரல்கள் விலகவில்லை. அடுத்த துடிப்புக்காக ரெங்கம்மாள் காத்திருந்தாள். செல்வமேரியும் காத்திருந்தாள்.