ஆண்டாயியை வெளியே விட்டுக் கட்டிய எல்லை

ஓடைக்குடிக்காட்டுக்கு மேற்கே முந்திரிக்காடு, தெற்கே செந்துறை ரோடு, வடக்கே ஓடை. கிழக்கே இடுகாடு, அதைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஒருகாலத்தில் கடலாகக் கிடந்த பூமி. பள்ளம் தோண்டினால் இன்றைக்கும் சிப்பி வரும்.

ஆடித் திருவிழாவுக்கு எல்லை கட்டப் போனார் ஊர்த் தலைவர் வேல்முருகன். நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டிவிட்டால், வெளியே நிற்கும் ஆவி எதுவும் உள்ளே வராது. ஊரின் செத்தவர்கள் மட்டும் உள்ளே இருப்பார்கள். இடுகாட்டையும் சேர்த்துத்தான் கட்டுவார்கள்.

இந்த வருஷம் இடுகாட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"இதாம்ப்பா எல்லை."

"இடுகாடு எப்பவும் உள்ளதானே தலைவரே?" என்றான் பழம் சுமந்து வந்த குழந்தைவேல்.

"பேசாம பழத்த வைய்யா."

அட மனுஷா! ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சும்மா இருந்த மகனுக்குச் சுரங்கத்தில் வேலை வேண்டும். அதற்காக, இடுகாடு ஊருக்குச் சொந்தமில்லை என்று சுரங்கத்துக்கு நிலம் அளக்க வந்தவர்களிடம் கூசாமல் சொல்லிவிட்டார். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இந்தப் பொய். பெற்ற தாய் ஆண்டாயியைச் சித்திரையில் அங்கேதான் புதைத்தார். எல்லை கட்டிய அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் உச்சிவெயில். கூழ் குடித்த ஊர் அசந்து கிடந்தது.

"வேலு..."

கிழக்கேயிருந்து.

மனைவி சுமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அத்தை குரல் மாதிரி..."

"உளறாதடி."

"தாகமா இருக்குடா. உள்ள வர முடியலடா."

ஈரச் சுண்ணாம்பு வாடை வீட்டை நிறைத்தது.

அவருக்கு மனசு தாங்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் எல்லைக்கு ஓடினார். அங்கே யாருமில்லை.

"தப்பு பண்ணிட்டேம்மா. பெத்தவளையே வெளிய தள்ளிட்டேன்." பழத்தைப் பிடுங்கி எறிந்தார். "உள்ள வாம்மா!"

காற்று நின்றது.

"நான் மட்டும் எப்பிடிடா வர்றது?" காதுக்குப் பக்கத்தில் கேட்டது. "எல்லாரையுந்தானே நிறுத்துன?"

சரளைக்கல்லில் காலடிகள்.

அவரைத் தாண்டி, ஊரைப் பார்த்து, வந்துகொண்டே இருந்தன.

திரும்பி ஓடினார். சுமதி வாசலுக்கு வந்து நின்றாள்.

"யாரைங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"யாரையும் இல்லடி."

"பொய் சொல்லாதீங்க. வூட்டுல நிக்க இடமில்ல."

கூடத்தில் ஒருவரும் தெரியவில்லை. படியில் கால் வைத்தார்.

இன்றுவரை அவருக்குப் படுக்கை வாசலில்தான். சுமதி போகிறாள், மகன் போகிறான். அவர் உள்ளே நுழையப் போனால் மட்டும், குளிர்ந்த கைகள் நெஞ்சில் பட்டுத் தள்ளுகின்றன. அதில் ஒன்று தன் தாயின் கை என்று அவருக்குத் தெரியும்.