நரம்பு மருத்துவரிடம் நூற்றுக்கு நூறு

செவ்வாயில் பிள்ளைகள் பல் துலக்கியதும் தலையைச் சாய்த்துக் காட்டுவது வழக்கம். காதுக்குப் பின்னால் பொத்தானளவு மூடி ஒன்று உண்டு. அதைத் திறந்து, உள்ளே படிந்த செந்தூசியைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அங்கே இருப்பது நரம்பிழை. மூன்று வயதில் மூளையோடு இணைக்கப்படும் அந்த மெல்லிய இழையின் வழியாகத்தான் குடியிருப்பின் பள்ளிக்கூடம் பிள்ளைகளோடு பேசுகிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளன்று காலை பொற்கொடி தம் எட்டு வயது மகள் நித்திலாவின் மூடியை இரண்டு முறை துடைத்தார்.

சில மாதங்களாகச் சிறுமிக்கு ஓர் உறைவு வந்துகொண்டிருந்தது. உண்ணும்போது கரண்டி வாயருகே அப்படியே நின்றுவிடும். கண்கள் திறந்திருக்கும். பத்து விநாடி கழித்து, எதுவும் நடவாதது போலச் சாப்பிடத் தொடங்குவாள். வளரும் மூளையை இழை இழுக்கிறதோ என்று குடியிருப்பின் மருத்துவப் பொறி ஐயுற்றது. அதை உறுதிசெய்து இழையைத் தளர்த்த வல்லவர், புவியிலிருந்து இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறை கப்பலில் வரும் நரம்பியல் நிபுணர் மட்டுமே. ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம் ஒதுக்குவார். அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல்தான்.

ஆகவே பெற்றோர் ஆயத்தமானார்கள். தந்தை குமரவேள், அடுக்ககப் பெற்றோர் குழுவில் பணிவுடன் விசாரித்து, சென்ற வருகையில் நிபுணர் கேட்ட கேள்விகள் அனைத்தையும் திரட்டினார். மூன்று வாரம் பயிற்சி நடந்தது.

"அஞ்சு வார்த்தை சொல்லிட்டு, அப்புறம் திருப்பிக் கேப்பாங்க. எங்க, சொல்லு பாப்போம்."

"யானை, குடை, தக்காளி, மணி, ஆறு."

"சபாஷ். இப்ப ஒத்தக் கால்ல நில்லு. ஆடாம."

"தலை சுத்துதுப்பா."

"அங்க வந்து அப்படிச் சொல்லிடாத, தங்கம். இன்னொரு தடவ நில்லு."

நிபுணர் மார்த்தா ஞானமணி பயணக் களைப்பிலும் அன்பாகவே வரவேற்றார். "நித்திலா குட்டி, இப்ப ஆன்ட்டி அஞ்சு வார்த்தை சொல்லப் போறேனாம்..."

"யானை, குடை, தக்காளி, மணி, ஆறு" என்றாள் நித்திலா.

நிபுணர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். உதட்டைக் கடித்துக்கொண்டு சிலைபோல் நின்றாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மூச்சுவிடாமல் இரண்டு வரை வந்து சேர்ந்தாள். பொற்கொடியின் முகம் மலர்ந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. இதப் பாத்தா இழையத் தொடவே வேண்டாம். அடுத்த கப்பலுக்கு வாங்க" என்றார் நிபுணர்.

"ரொம்ப நன்றிங்க. மத்த பிள்ளைங்கல்லாம் எப்படிங்க பண்ணாங்க?" என்றார் குமரவேள்.

நிபுணர் குனிந்து சிறுமியின் கையைப் பற்றிக்கொண்டு, "குட்டிக்குத் தலை கிலை சுத்துமா?" என்று கேட்டார்.

"அத இங்க சொல்லக் கூடாது" என்றாள் நித்திலா, மிகுந்த பொறுப்போடு.

பொற்கொடி மகளை இழுத்து மடியில் அமர்த்திக்கொண்டார். அவருக்கு இருபத்தாறு மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன.

"அவ எங்க தடுமாறுறான்னு பாக்கத்தாம்மா இந்தக் கேள்வியெல்லாம். அந்த இடத்த எல்லாம் நீங்களே பூசி மொழுகிட்டீங்க" என்றார் நிபுணர். அவர் குரலில் கோபம் இல்லை. "வெள்ளிக்கிழமை கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் தர்றேன். புள்ளைய அவ போக்குல விட்டுக் கூட்டிட்டு வாங்க."

பொற்கொடி கைகூப்பினார். குமரவேள் வாசல்வரை சென்று, தயங்கித் திரும்பி வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர். எந்தெந்த இடத்துல தடுமாறணும்னு ஒரு மாதிரித்தாள் குடுத்தீங்கன்னா, வெள்ளிக்கிழமைக்குள்ள நல்லாத் தயார் பண்ணிடுவோம்."