கம்பெனி தந்த கிரைண்டர்

ஷிப்டு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய் வெகுநேரம் ஆகியும் சந்திரலேகா நீல யூனிஃபார்ம் கோட்டைப் போடாமல் புடவையோடு நிற்பதைப் பார்த்ததும், சுந்தராம்பாள் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வேண்டுமென்றே ஓசை கேட்க வைத்தாள். அந்த வீட்டில் அறுபது நாட்களாகப் பேச்சு இப்படித்தான் நடந்தது. இளைய ஓரகத்தியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூத்தவள் கரண்டியிடம் சொல்வாள், துடைப்பத்திடம் சொல்வாள், சுவரில் தொங்கும் காலண்டரிடம்கூடச் சொல்வாள். சந்திரலேகாவின் முகத்தைப் பார்த்து மட்டும் ஒரு வார்த்தை வராது.

“சில பேருக்கு இன்னிக்கு லீவு போல கீது...” என்றாள் சட்டியைப் பார்த்து.

கூடத்தில் காவேரி தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். சுந்தராம்பாளின் ஒரே மகள், இருபத்தோரு வயது. இடது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அந்தக் கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஒற்றைக் கையால் பின்னல் போட முடியாது என்பதால் தினமும் அவள் அம்மாதான் அவசர அவசரமாக முடியைச் சுற்றி ஒரு கிளிப்பைக் குத்திவிடுவாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தத் தலையைப் பின்னிவிட்டவள் சந்திரலேகா. இப்போது அவள் சீப்பைத் தொட்டாலே சுந்தராம்பாள் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். பிள்ளை பெறாதவளுக்கு அந்தத் தலைமுடிதான் பிள்ளையாக இருந்தது என்பது சுந்தராம்பாளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அதனால்தான் பிடுங்கினாள்.

சமையலறை மூலையில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் ஒரு புதுக் கிரைண்டர் இருந்தது. அதை யாரும் தொடுவதில்லை. பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவார்கள்.

சந்திரலேகாவின் புருஷன் டில்லிபாபு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரகடம் ரோட்டில் ட்ரெய்லர் லாரிக்கு அடியில் போனவன். காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய அண்ணன் வந்து கூப்பிட்டபோது, “எங்க வூட்டுப் பொண்ண எங்க இட்டுகினு போறீங்க?” என்று வாசலில் நின்று மறித்தவள் இதே சுந்தராம்பாள்தான். அந்த நன்றி சந்திரலேகாவின் எலும்புக்குள் இருந்தது. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து மூத்தவள் கையில் கொடுப்பாள். காவேரி பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, தான் வேலை பார்க்கும் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியிலேயே சொல்லி, தன் லைனிலேயே சேர்த்துவிட்டவளும் அவள்தான். அங்கேதான் விதி காத்துக்கொண்டிருந்தது.

அந்த பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் கம்பெனி கேட்கும் எண்ணிக்கை வராது. அதனால் ஷிப்டு தொடங்கும்போதே இடதுபக்கப் பட்டனை அழுத்தினபடிக்கே இழுத்துக் கட்டிவிடுவார்கள். வலது கை பட்டனில், இடது கை தகட்டைத் தள்ள. வெளியிலிருந்து ஆடிட் வருகிறார்கள் என்றால் சூப்பர்வைசர் தமிழ்வாணன் விசில் அடிப்பார், எல்லாக் கட்டும் அவிழும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி கட்டு ஏறும். கட்டுவது லைன் லீடர் வேலை. அந்த லைனின் லீடர் சந்திரலேகா. கயிறு கிடைக்காத ஒரு நாள், வீட்டிலிருந்து எடுத்துப்போன காவேரியின் பழைய பள்ளிக்கூட ரிப்பனால்தான் அவள் அந்தப் பட்டனைக் கட்டினாள்.

அதே நாள், ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, காலை எட்டே காலுக்கு அந்த மெஷினில் காவேரியின் மூன்று விரல்கள் போயின.

ஆம்புலன்ஸ் வரவில்லை. ஹெச்.ஆர். அதிகாரியின் கார்தான் வந்தது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று சாயங்காலத்துக்குள், வீட்டில் கிரைண்டரில் மாவு அரைக்கும்போது கை மாட்டிக்கொண்டது என்று ஒரு காகிதம் தயாராகி, அதில் காவேரியின் அப்பா தசரதன் கையெழுத்தும் விழுந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்த வீட்டில் கிரைண்டரே கிடையாது. ஆட்டிவைக்க நேரமில்லாமல் அவர்கள் வருஷக்கணக்காகப் பாக்கெட் மாவில்தான் இட்லி ஊற்றினார்கள். ஒரு வாரம் கழித்து கம்பெனி வண்டியில் அந்தப் புதுக் கிரைண்டர் வந்து இறங்கியது. அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஹெச்.ஆர். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

காவேரிக்குக் கை ஆறினதும் ஆபீஸில் உட்கார்ந்த வேலை, அதுவும் நிரந்தரமாக, என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்காகத்தான் அக்காவும் மாமாவும் அந்தக் காகிதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள் என்று சந்திரலேகா நினைத்தாள். ஒரு நாற்காலிக்காகப் பெற்ற பெண்ணின் விரலை விட்டுக்கொடுத்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் வெந்தாள். ஆனால் வாயைத் திறக்க அவளுக்கு ஏது முகம்? கட்டின கை அவளுடையது.

போன திங்கட்கிழமை காவேரி கம்பெனிக்குப் போனாள். கேட்டில் அவளுடைய அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை. காண்ட்ராக்ட் பட்டியலில் பெயரே இல்லை என்று செக்யூரிட்டி சொல்லி அனுப்பிவிட்டான்.

அன்று சந்திரலேகா மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பேச்சிராஜைப் போய்ப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், வேறொரு கம்பெனியில் ஃபிட்டர், சங்கத்தில் இருப்பவன். வேலையில் நடந்த விபத்து என்று பதிவானால்தான் காவேரிக்கு ஆயுசு முழுக்க இ.எஸ்.ஐ. உதவி கிடைக்கும், வீட்டில் நடந்தது என்று எழுதிவிட்டால் ஒன்றும் கிடையாது என்று அவன் விளக்கினான். தொழிற்சாலை ஆய்வாளரிடம் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், பெயரைக் கம்பெனிக்குச் சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னான்.

“ஆனா கண்ணால பாத்த சாட்சி ஒண்ணு வேணும்க்கா. பாத்தேன்னு ஒரு ஆளு முன்னால வந்து நிக்கணும் பாத்துக்கிடுங்க.”

பார்த்தவள் அவள்தான். கட்டினவளும் அவள்தான். மூன்று நாள் யோசித்து, மனுவை எழுதி, தன் பெயரைப் போட்டு, அந்த ரிப்பன் விஷயத்தையும் மறைக்காமல் எழுதி, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டுதான் இன்று புடவையோடு நின்றாள். பையில் மாற்றுப் புடவை இரண்டும் இருந்தன.

கிடங்கில் இரவுக் காவல் முடித்துவிட்டு தசரதன் உள்ளே நுழைந்தார். சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

“மாமா, நான் ஆய்வாளர் ஆபீசுக்குப் போறேன். காவேரிக்கு நடந்தத எழுதிக் குடுக்கப் போறேன். பட்டனைக் கட்டுனது நான்தான்னும் எழுதியிருக்கேன்.”

தசரதனுக்கு முகம் கறுத்துவிட்டது. அவளைப் பார்க்காமல், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறவள் திரும்பி வரவேண்டாம் என்றார். அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“சரி மாமா,” என்றாள். எதிர்பார்த்ததுதான். பையை எடுத்தாள். காவேரியை ஒருமுறை பார்த்தாள். செருப்பில் ஒரு காலை நுழைத்தாள்.

பின்னாலிருந்து தோளைப் பிடித்து ஒரு கை அவளை இழுத்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு சுந்தராம்பாள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எங்கடி போவ நீ? எந்த வூடு கீது உனக்கு? நீ உள்ள போயிடக் கூடாதுன்னுதான்டி அவரு கையில பேனாவ வெச்சு நான் கையெழுத்துப் போட வெச்சேன்...”

சந்திரலேகாவுக்குப் புரியவில்லை. சுந்தராம்பாள் அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டினாள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், பெண் உள்ளே மயக்கத்தில் கிடக்கும்போது, ஹெச்.ஆர். அந்த ரிப்பனைக் கொண்டுவந்து காட்டினாராம். உங்கள் ஓரகத்திதான் பட்டனைக் கட்டினாள், கேஸ் என்று போனால் முதலில் போலீஸ் கூட்டிக்கொண்டு போவது அவளைத்தான் என்றாராம். பார்த்ததும் அது மகளின் ரிப்பன் என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது.

“என் பொண்ணு கை போச்சு. உன்னையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டு இந்த வூட்ல நான் யார் மூஞ்சில முழிக்கிறது? அதான் போடச் சொன்னேன். போட்டப்புறம் உன்னப் பார்த்தா வயிறு எரியுது. உன் கைதானே கட்டுச்சு... பேசுனா எதையாவது சொல்லிடுவேன்னுதான் வாயக் கட்டிகினு கெடந்தேன்.”

சந்திரலேகா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலிக்காகப் பெண்ணை விற்றவர்கள் என்று யாரை நினைத்தாளோ, அவர்கள் அவளுக்காக அந்தப் பெண்ணின் உரிமையையே விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

“உங்கள எவ்ளோ கேவலமா நெனச்சிட்டேன்கா...” என்றாள். “போதும்கா. எனக்காகப் புள்ள இன்னும் எவ்ளோ இழக்கணும்? என்னை இன்னா பண்ணாலும் பண்ணட்டும்.”

காவேரி எழுந்து வந்து மனுவை வாங்கிப் படித்தாள். படிக்கும்போது, மறந்துபோய், இடது கையையும் வெளியே எடுத்தாள்.

“அப்பா, சித்தி கட்டலைன்னா அன்னிக்கு நானே கட்டியிருப்பேன். கட்டாம ஓட்டுனவங்கள தமிழ்வாணன் சார் மறுநாள் லைன்ல வெச்சிருந்ததே இல்ல. இத எழுத அவங்களால முடியுது. அவங்ககூட நம்மால போக முடியாதா?”

தசரதன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு முற்றத்துக் குழாயடிக்குப் போய் முகத்தை நெடுநேரம் கழுவினார். வேண்டாம் என்று மட்டும் அவர் மறுபடி சொல்லவில்லை.

சுந்தராம்பாள் சமையலறைக்குள் போய், அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துவந்தாள். கிரைண்டரின் வாரண்டி அட்டை. பெட்டிக்கு மேலேயே ஒட்டியிருந்ததாம். கடை முத்திரையோடு விற்ற தேதி போட்டிருந்தது. ஆகஸ்ட் இருபது.

“கை போனது பன்னெண்டு. கிரைண்டர் வாங்குனது இருபது,” என்றாள். “என்னிக்காவது ஒதவும்னு எடுத்து வெச்சேன். அந்தக் கிரைண்டரையும் தூக்குடி. கண்ணால பார்க்கட்டும்.”

அட்டை மட்டும் போதும் என்று காவேரி சொல்லிப் பார்த்தாள். அவள் அம்மா கேட்கிற நிலையில் இல்லை. அதனால் இரண்டு ஓரகத்திகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தக் கனத்தை ரோடு வரைக்கும் சுமந்தார்கள். ஷேர் ஆட்டோக்காரன் கிரைண்டருக்கும் ஒரு ஆள் சார்ஜ் கேட்டான். சுந்தராம்பாள் பார்த்த பார்வையில் அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

ஆய்வாளர் நடுவயதுப் பெண்மணி. மனுவை நிதானமாகப் படித்தார். ரிப்பன் வரும் இடத்தை இரண்டாம் முறையும் படித்துவிட்டு, சந்திரலேகாவை நிமிர்ந்து பார்த்தார். மெஷினைப் பாதுகாப்பாக ஓட்டவைக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு, ஆனாலும் விசாரணையில் உங்களையும் கேள்வி கேட்பார்கள், என்ன முடிவு வரும் என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது என்றார். இதை எழுதியே ஆகவேண்டுமா என்றும் கேட்டார்.

“எழுதலைன்னா மீதி எல்லாமும் பொய்யாத்தாம்மா ஆகும்,” என்றாள் சந்திரலேகா.

காவேரி துப்பட்டாவை விலக்கித் தன் கையை மேஜைமேல் வைத்தாள். அந்த அம்மாள் வாரண்டி அட்டையை மனுவோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கிரைண்டரை ஒரு போட்டோ எடுத்தார். பெட்டியைப் பிரிக்காமல் வீட்டிலேயே பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். நகலில் முத்திரை குத்தித் தந்தார்கள்.

திரும்பும்போது தமிழ்வாணன் போனில் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று அதட்டினார். பெயர் வெளியே போகாது என்று பேச்சிராஜ் சொன்னது ஞாபகம் இருந்தும், எங்கே போய்வந்தேன் என்று சந்திரலேகா ஒளிக்காமல் சொன்னாள். மறைத்துப் பேசும் தெம்பு அவளிடம் தீர்ந்துபோயிருந்தது. மறுமுனையில் போன் துண்டானது. ஆட்டோ அடுத்த நிறுத்தத்துக்கு வருவதற்குள், ஷிப்டு விவரம் போடும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள். பதினோரு வருஷ வேலை ஒரு வரியில் முடிந்தது. அவள் போனைக் காட்டினாள். சுந்தராம்பாள் அதைப் படித்துவிட்டு அவள் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கிரைண்டர் மறுபடி அதே மூலைக்குப் போனது. விசாரணை எப்போது வரும், வந்தால் யார் பக்கம் நிற்கும், யாருக்கும் தெரியாது. விரல்கள் எப்படியும் வரப்போவதில்லை. தசரதன் காவல் வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் கிடந்த சந்திரலேகாவின் மஞ்சள் பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

விளக்கு வைத்த பிறகு சுந்தராம்பாள் சீப்பை எடுத்துவந்தாள். கரண்டியிடமோ காலண்டரிடமோ பேசாமல் நேராக அவளிடமே சொன்னாள்.

“இந்தா, லேகா. புள்ளைக்குப் பின்னி வுடு. எனக்குச் சரியா வர்ல.”

காவேரி சித்தியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, கழுத்திலிருந்து பின்னிக்கொண்டு வந்தாள் சந்திரலேகா. நுனிக்கு வந்ததும் சுந்தராம்பாள் ஒரு ரிப்பனை நீட்டினாள். பள்ளிக்கூட ஜோடியில் மிச்சமிருந்த இன்னொன்று. அதைப் பார்த்ததும் சந்திரலேகாவுக்கு முடிச்சுப் போட வரவில்லை. ரிப்பனைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

காவேரி திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டி, இருக்கிற இரண்டு விரலால் அந்த ரிப்பனைத் தேடி எடுத்து, சித்தியின் கையில் வைத்தாள்.

“கட்டு சித்தி,” என்றாள்.